கோ தாங் தீவில் விடப்பட்ட மூவர்

1975 மே 15 ஜோசப் ஹார்குரோவின் 24ஆவது பிறந்த நாள். வடக்கு கரோலினாவின் கிராமப்புறத்திலிருந்து வந்து அமெரிக்க மரைன் படையில் லான்ஸ் கார்ப்பரலாகப் பணியாற்றிய அவர், அன்று நண்பகல் வாக்கில், தாய்லாந்து வளைகுடாவில் கம்போடியாவுக்குச் சொந்தமான கோ தாங் என்னும் சிறு தீவில் ஹெலிகாப்டரில் வந்திறங்கிய படைப்பிரிவில் இருந்தார். அதே பிரிவில் கென்டக்கியைச் சேர்ந்த கேரி ஹால், மேற்கு வர்ஜீனியாவைச் சேர்ந்த டேனி மார்ஷல் என்ற இரு இளைஞர்களும் இருந்தனர். இருவருக்கும் இருபது வயதுகூட நிறையவில்லை. மூவரும் சேர்ந்து எம்-60 இயந்திரத் துப்பாக்கி ஒன்றை இயக்கும் குழு. அன்றிரவு எட்டு மணியைக் கடந்து கடைசி ஹெலிகாப்டர் தீவிலிருந்து எழும்பியபோது இவர்கள் மூவரும் அதில் இல்லை. அதற்கு முன்பு சென்ற எந்த ஹெலிகாப்டரிலும் இல்லை. அரை நூற்றாண்டு கடந்த பிறகும் இவர்களில் ஒருவருடைய எலும்புகூட அடையாளம் காணப்பட்டு வீடு திரும்பவில்லை.

போர்க்களத்தில் காணாமற்போனவர்களைத் தேடும் பணியைப் பற்றி நான் நெடுங்காலமாக வாசித்துவருகிறேன். அமெரிக்காவில் இதற்கென்றே ஓர் அரசு முகமை இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முதல் இன்றுவரை உடல் கிடைக்காத தன் படையினர் 80,000 பேருக்கும் மேல் என்று அது கணக்கு வைத்திருக்கிறது. அவர்களில் மிகப் பலர் ஆழ்கடலில் மூழ்கியவர்கள். அவர்களை இனி எவராலும் எடுத்துவர இயலாது. ஹார்குரோவின் கதை அந்த வகையைச் சேர்ந்தது அன்று. அவரைக் கடல் விழுங்கவில்லை, குண்டு சிதறடிக்கவில்லை. அவரும் அவருடைய தோழர்களும் உயிரோடு இருக்கையில், தம் படையாலேயே தவறுதலாக விட்டுச் செல்லப்பட்டார்கள் என்றே கிடைக்கும் சான்றுகள் அனைத்தும் காட்டுகின்றன. அதனால்தான் மற்றவர்களைப் பற்றி வாசிக்கும்போது எழும் துயரத்தோடு நிறுத்திக்கொள்ள இவர்கள் விஷயத்தில் என்னால் முடியவில்லை.

நடந்ததைச் சற்று முன்னிருந்து சொல்ல வேண்டும். 1975 ஏப்ரல் 17 அன்று கெமர் ரூஜ் என்னும் கம்போடியக் கம்யூனிஸ்ட் இயக்கத்தின் படைகள் தலைநகரான நோம் பென்னைக் கைப்பற்றின. ஏப்ரல் 30 அன்று தென் வியட்நாமின் தலைநகரான சைகோன் வீழ்ந்தது. அமெரிக்க ஹெலிகாப்டர்கள் தூதரகக் கூரையிலிருந்து மக்களை ஏற்றிக்கொண்டு போன காட்சியை உலகமே பார்த்திருந்தது. இரண்டு வாரம்கூட முழுதாகக் கழியாத நிலையில், மே 12 அன்று, 'மயாகெஸ்' என்னும் அமெரிக்கச் சரக்குக் கப்பலைப் பூலோ வாய் தீவருகே கெமர் ரூஜ் படகுகள் மறித்துப் பிடித்தன. கப்பலில் இருந்த மாலுமிகள் சிறைப்பட்டனர். தோற்றுத் திரும்பிய நாடு என்ற பெயர் இன்னும் ஆறாத புண்ணாக இருந்த வாஷிங்டனில், அதிபர் ஜெரால்ட் ஃபோர்டும் வெளியுறவுச் செயலர் ஹென்றி கிஸிஞ்சரும் விரைந்தும் கடுமையாகவும் பதிலடி கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்தனர். அந்த விரைவுக்கான விலையைக் கொடுத்தவர்கள் யார் என்பதே இந்தப் பதிவின் பொருள்.

முதல் விலை, போர் தொடங்கும் முன்பே கொடுக்கப்பட்டது. மே 13 அன்று தாய்லாந்தில் நாக்கோன் பனோம் தளத்திலிருந்து ஊத்தபாவ் தளத்துக்கு வீரர்களை ஏற்றிப் புறப்பட்ட ஹெலிகாப்டர் ஒன்று விழுந்து நொறுங்கியதில், அதிலிருந்த 23 பேரும் மாண்டனர். அவர்கள் விமானப்படையின் காவல் பிரிவினரும் ஹெலிகாப்டர் பணியாளர்களும் ஆவர். அடுத்த நாள் ஜப்பானின் ஓகினாவாவிலிருந்து மரைன் படையின் 9ஆவது ரெஜிமென்ட்டைச் சேர்ந்த 2ஆவது பட்டாலியன் ஊத்தபாவுக்கு விமானத்தில் கொண்டுவரப்பட்டது. தாய்லாந்துப் பிரதமர் குக்ரித் பிரமோஜ் தம் மண்ணை இதற்குப் பயன்படுத்தக் கூடாது என்று எதிர்ப்புத் தெரிவித்தும் அது பொருட்படுத்தப்படவில்லை. பட்டாலியனில் இருந்தவர்களில் பெரும்பாலோர் போரைக் கண்டிராத இளைஞர்கள். ஹார்குரோவின் குடும்பமோ போரை முன்பே அறிந்திருந்தது. அவருடைய அண்ணன் 1968இல் வியட்நாமில் கொல்லப்பட்டிருந்தார்.

கோ தாங்கில் மாலுமிகள் வைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று நம்பித்தான் அந்தத் தீவு தேர்ந்தெடுக்கப்பட்டது. உண்மையில் அவர்கள் அங்கே இல்லை. கரைக்கு அருகிலிருந்த வேறொரு தீவுக்குக் கொண்டுபோகப்பட்டிருந்தனர். கோ தாங்கில் ஆயுதம் தாங்கியவர்கள் இருபது முப்பது பேர்தான் இருப்பார்கள் என்று களமிறங்கவிருந்த மரைன்களிடம் சொல்லப்பட்டது. அதைவிடப் பல மடங்கு வீரர்கள் கனரக ஆயுதங்களோடு இருக்கிறார்கள் என்ற மதிப்பீடு உளவுத் துறையின் கையில் இருந்தும், தாக்கப் புறப்பட்டவர்களிடம் அது போய்ச் சேரவில்லை. தீவின் காவற்படை அமெரிக்கர்களை எதிர்பார்த்து அங்கே பதுங்குகுழி வெட்டியிருக்கவில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். வளைகுடாத் தீவுகள் யாருக்கு என்பதில் வியட்நாமியக் கம்யூனிஸ்டுகளுக்கும் கெமர் ரூஜுக்கும் இடையே அப்போதே பூசல் மூண்டிருந்தது. வியட்நாமியர் வந்தால் தடுக்கவே கடற்கரைகளை நோக்கி இயந்திரத் துப்பாக்கிகளும் ராக்கெட் செலுத்திகளும் நிறுத்தப்பட்டிருந்தன. இரண்டு தோழமைக் கட்சிகளின் பகைக்காகத் தோண்டிய குழிகளின் முன்னே அமெரிக்க இளைஞர்கள் இறக்கிவிடப்பட்டார்கள்.

மே 15 விடியற்காலையில் முதல் அலை ஹெலிகாப்டர்கள் தீவின் வடமுனையில் ஒன்றுக்கொன்று முதுகு காட்டிக் கிடக்கும் கிழக்கு, மேற்குக் கடற்கரைகளை நெருங்கியபோது சூடு தொடங்கியது. சிறிது நேரத்துக்குள் மூன்று ஹெலிகாப்டர்கள் வீழ்ந்தன. அவற்றுள் ஒன்றான 'நைஃப் 31' கிழக்குக் கடற்கரைக்கு அருகே ஆழமற்ற நீரில் எரிந்து விழுந்தது. அதில் வந்தவர்களில் மரைன்கள் 10 பேர், கடற்படை மருத்துவ உதவியாளர்கள் 2 பேர், துணை விமானி ஒருவர் என 13 பேர் மாண்டனர். எஞ்சியவர்கள் கடலை நோக்கி நீந்தினார்கள். அவர்களுள் ஒருவரான மரைன் லெஃப்டினன்ட் டெரி டாங்கின், நீரில் மிதந்தபடியே விமானப்படையின் உயிர்காப்பு ரேடியோவில் விமானத் தாக்குதலை வழிநடத்தினார். கரையில் இறங்க முடிந்தவர்கள் மூன்று தனித்தனிக் கும்பல்களாகச் சிதறிக் கிடந்தனர். பட்டாலியன் தளபதி லெஃப்டினன்ட் கர்னல் ரண்டால் ஆஸ்டினே தம் பெரும்படையிலிருந்து பிரிந்து, தெற்கே வேறோர் இடத்தில் இறக்கப்பட்டிருந்தார்.

இதே நேரத்தில் நடந்த இன்னொன்றுதான் என்னைப் பொறுத்தவரை இந்நிகழ்வின் கசப்பான மையம். தாக்குதல் தொடங்கிய வேளையிலேயே, கெமர் ரூஜின் தகவல் அமைச்சர் ஹூ நிம் வானொலியில் கப்பலை விடுவிப்பதாக அறிவித்துக்கொண்டிருந்தார். மாலுமிகள் தாய்லாந்து மீன்பிடிப் படகொன்றில் ஏற்றி அனுப்பப்பட்டனர். காலை பத்து மணியளவில் 'ஹென்றி பி. வில்சன்' என்னும் அமெரிக்கப் போர்க்கப்பல் அவர்களைப் பத்திரமாக ஏற்றிக்கொண்டது. காலியாக நின்றிருந்த மயாகெஸ் கப்பலும் அதற்கு முன்பே மீட்கப்பட்டுவிட்டது. நோக்கம் நிறைவேறிவிட்டதால் தாக்குதலை நிறுத்தும்படி வாஷிங்டன் ஆணையிட்டது. தீவை நோக்கி வந்துகொண்டிருந்த இரண்டாம் அலை ஹெலிகாப்டர்கள் திருப்பப்பட்டன. தீவில் சிக்கியிருந்தவர்களைக் காப்பாற்றவே இன்னும் படை வேண்டும் என்று களத்திலிருந்து வற்புறுத்திய பின்னரே அந்த ஆணை மாற்றப்பட்டு, ஹெலிகாப்டர்கள் மீண்டும் தீவை நோக்கித் திரும்பின. ஹார்குரோவும் ஹாலும் மார்ஷலும் சேர்ந்த எக்கோ கம்பெனி இந்த இரண்டாம் அலையில்தான் வந்தது. அதாவது, மாலுமிகளை மீட்பதற்காக அவர்கள் அனுப்பப்படவில்லை. மாலுமிகள் கப்பலேறிய பிறகு, மாட்டிக்கொண்ட தம் சக வீரர்களை மீட்பதற்காக அனுப்பப்பட்டார்கள். அவர்கள் தீவில் இறங்கிய வேளையை ஒட்டித்தான், அமெரிக்காவில் நள்ளிரவு தாண்டிய நேரத்தில், அதிபர் ஃபோர்ட் தொலைக்காட்சியில் தோன்றி, கப்பலும் மாலுமிகளும் மீட்கப்பட்ட செய்தியை நாட்டுக்கு அறிவித்தார்.

பிற்பகல் முழுவதும் மேற்குக் கடற்கரையில் பிறை வடிவில் அமைந்த காப்பு வளையத்துக்குள் மரைன்கள் போரிட்டனர். வெளியேற்றம் மாலையில் தொடங்கியது. முதலில் கிழக்குக் கரையில் தனித்திருந்த சிறு குழு எடுக்கப்பட்டது. அதை ஒட்டி, ஒரு சி-130 விமானம் ஏறத்தாழ 6,800 கிலோ எடையுள்ள குண்டொன்றைத் தீவின் நடுப்பகுதியில் போட்டது. கீழே இருந்த மரைன்கள் பலருக்கு அப்படியொரு குண்டு வருகிறதென்பதே தெரியாது. பிறகு இருட்டிவிட்டது. பறக்கும் நிலையில் எஞ்சியிருந்த ஹெலிகாப்டர்கள் மிகச் சில. காடும் கடலும் கறுத்துப்போன அந்த நேரத்தில், துப்பாக்கிச் சுடர்களும் கைவிளக்குகளும் தவிர வேறு வெளிச்சமில்லாமல் அவை ஒவ்வொன்றாக மணலில் வந்து நின்றன. ஒவ்வொரு முறையும் சிலர் ஏறியபோது, எஞ்சியவர்கள் பின்வாங்கி வளையத்தைச் சுருக்க வேண்டியிருந்தது.

ஹார்குரோவின் குழு அந்த வளையத்தின் ஒரு கோடியில், வலப்புற ஓரத்தில் நிறுத்தப்பட்டிருந்தது. இயந்திரத் துப்பாக்கிக் குழுவை ஓரத்தில் நிறுத்துவது வழக்கம். பின்வாங்குகிறவர்களின் பக்கவாட்டைக் காப்பது அவர்கள் வேலை. கடைசியாக இடத்தை விட்டு எழ வேண்டியவர்களும் அவர்களே. இருளில், ஹெலிகாப்டர் இரைச்சலுக்கும் சுடும் ஓசைக்கும் நடுவே, 'பின்வாங்கு' என்ற சொல் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறிச் செல்ல வேண்டியிருந்தது. அது அவர்களை எட்டியதா, எட்டி அவர்கள் எழுந்தபோது வழி தவறியதா என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள் மூவரே.

கடைசி ஹெலிகாப்டரான 'நைஃப் 51' கரையில் நின்றபோது, அதிலிருந்த வான்வழி மீட்பு வீரர் வேய்ன் ஃபிஸ்க் கீழே இறங்கி, எவரேனும் எஞ்சியிருக்கிறார்களா என்று தேடிப் பார்த்துவிட்டே ஏறினார். அந்த இருட்டில் எதிரியின் குறிக்குள் நின்று அவர் செய்ததை நான் மிகப் பெரிதாகவே மதிக்கிறேன். களத்தில் கடைசிவரை நின்ற மரைன் அதிகாரிகளும் தம் ஆட்களை விட்டுவிட்டு ஓடியவர்கள் அல்லர். பிழை அங்கே நிகழவில்லை, அல்லது அங்கே மட்டும் நிகழவில்லை.

பிழை எண்ணிக்கையில் நிகழ்ந்தது. விரைவாக ஏற்றி இறக்க வேண்டும் என்பதற்காக, வெளியேற்றப்பட்டவர்கள் ஒரே கப்பலுக்குக் கொண்டுபோகப்படவில்லை. சிலர் விமானந்தாங்கிக் கப்பலான 'கோரல் ஸீ'க்கும், சிலர் 'ஹெரால்ட் இ. ஹோல்ட்' கப்பலுக்கும் போனார்கள். காலையில் கடலிலிருந்து மீட்கப்பட்டவர்கள் 'வில்சன்' கப்பலில் இருந்தார்கள். காயமுற்றோர் சிலர் தாய்லாந்துக்குப் போயிருந்தனர். எந்த ஒரு கப்பலிலும் முழுப் பட்டியல் இல்லை. ஹெலிகாப்டர்கள் விமானப்படையைச் சேர்ந்தவை, வீரர்கள் மரைன்கள், கப்பல்கள் கடற்படையுடையவை. மேலிருந்து நடத்தியவர்களோ வெகு தொலைவில், தாய்லாந்திலும் ஹவாயிலும் வாஷிங்டனிலும் இருந்தனர். ஒருவர் தம் கப்பலில் இல்லையென்றால் இன்னொரு கப்பலில் இருப்பார் என்று ஒவ்வோர் இடத்திலும் நம்பிக்கொள்ள இடமிருந்தது. கப்பல்களுக்கிடையே பெயர்களைச் சரிபார்த்து, மூன்று பெயர்கள் எங்குமில்லை என்று அன்றிரவு தெளிந்தபோது, அவர்களைத் தேடத் தீவில் வேறு அமெரிக்கர் ஒருவரும் மிஞ்சியிருக்கவில்லை. காலையில் கடற்கரையிலேயே மாண்ட லான்ஸ் கார்ப்பரல் ஆஷ்டன் லோனியின் உடலும் அந்த இருட்டில் எடுத்துவரப்படாமல் கிடந்துவிட்டது.

இனி நடந்தது இருட்டின் குற்றமும் அன்று, எண்ணிக்கையின் குற்றமும் அன்று. ஆற அமர எடுக்கப்பட்ட முடிவு. கடற்படையின் சிறப்பு அதிரடிப் பிரிவான சீல் பிரிவினர் சிலர் அப்போது அங்கே கப்பலில் இருந்தனர். தீவுக்குத் திரும்பிச் சென்று தேடுவது பற்றிப் பேச்சு எழுந்தது. கடற்படைக் குழுவின் தளபதி ரியர் அட்மிரல் ராபர்ட் கூகன் முன்வைத்த யோசனை, அவர்கள் ஆயுதமின்றி வெள்ளைக்கொடியோடு பகலில் கரைக்குச் செல்லலாம் என்பது. முந்தைய நாள் முழுதும் சுட்டுக்கொண்டிருந்தவர்களிடம் ஆயுதமின்றிப் போக சீல் பிரிவின் தலைவர் மறுத்தார். ஆயுதத்தோடு போவதற்கு அனுமதி கிடைக்கவில்லை. மறுநாள் காலையில் 'வில்சன்' கப்பல் தீவைச் சுற்றி மெதுவாகச் சென்று, அமெரிக்கர்கள் எவரேனும் இருந்தால் மீட்க வருவதாக ஒலிபெருக்கியில் அறிவித்தது. கரையிலிருந்து பதில் வரவில்லை. கப்பல்கள் அங்கிருந்து புறப்பட்டுவிட்டன.

அட்மிரல் கூகனின் இடத்தில் என்னை வைத்துப் பார்க்க முயன்றிருக்கிறேன். மூவர் உயிரோடு இருக்கிறார்கள் என்பதற்கு அவரிடம் சான்றில்லை. போரை முடித்துக்கொள்ளும்படி மேலிருந்து ஆணை வந்துவிட்டது. மூவரைத் தேடிப் போய் முப்பது பேரை இழக்கும் அபாயம் உண்மையானது. இவையெல்லாம் சரியே. ஆனால் எதிரி சூழ்ந்த காட்டில் ஒளிந்திருப்பவர்கள் பட்டப்பகலில் கரைக்கு ஓடிவந்து கையசைப்பார்கள் என்று எதிர்பார்த்துவிட்டு, வராததையே அவர்கள் இல்லை என்பதற்கான சான்றாகக் கொண்டதை என்னால் ஏற்க முடியவில்லை. முந்தைய நாள், பிடிபட்ட மாலுமிகளுக்காக ஒரு நாடே பொறுக்க முடியாமல் துடித்தது. அந்த மாலுமிகளை மீட்கப் போனவர்களை மீட்கப் போன மூவருக்கு, ஒரு காலைப் பொழுதின் ஒலிபெருக்கி அறிவிப்பே கிடைத்தது.

மரைன் படையின் வரலாற்றில் இப்படி நிகழ்வது இதுவே முதல் முறையும் அன்று. 1942 ஆகஸ்டில் பசிபிக் கடலின் மேகின் தீவை இரண்டு நீர்மூழ்கிக் கப்பல்களில் சென்று தாக்கிய மரைன் ரெய்டர் பிரிவு, பேரலைகளில் ரப்பர் படகுகள் கவிழ்ந்த குழப்பத்தில் 9 பேரைத் தீவிலேயே விட்டுவிட்டுத் திரும்பியது. அவர்களைப் பிடித்த ஜப்பானியர் குவாஜலீன் தீவுக்குக் கொண்டுசென்று, அந்த ஆண்டு அக்டோபரில் தலையை வெட்டிக் கொன்றனர். அதற்கு ஆணையிட்ட அட்மிரல் கோசோ ஆபே போர்க்குற்றத்துக்காகப் பின்னர் தூக்கிலிடப்பட்டார். மேகின் தீவில் போரிட்டு மாண்ட 19 பேரின் எலும்புகள், சிறுவனாக இருந்தபோது அவர்களைப் புதைக்க உதவிய தீவுவாசி ஒருவரின் நினைவைக் கொண்டு 1999இல் கண்டெடுக்கப்பட்டன. விட்டுவரப்பட்ட ஒன்பது பேரின் எலும்புகளோ குவாஜலீனில் பலமுறை தேடியும் கிடைக்கவில்லை. களத்தில் விழுந்தவனைத் தேடுவதைவிட, களத்தில் விடப்பட்டவனைத் தேடுவது கடினம். விழுந்தவனுக்கு ஓர் இடம் உண்டு. விடப்பட்டவனைப் பிடித்தவர்கள் எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோயிருப்பார்கள்.

கோ தாங்கிலும் அப்படித்தான் ஆயிற்று. 1975இலிருந்து ஏறக்குறைய நான்காண்டுகள் கம்போடியா உலகத்துக்கே மூடிக் கிடந்தது. அந்தக் காலத்தில் அங்கே என்ன நடந்தது என்பது இன்று எல்லாருக்கும் தெரியும். ஏறத்தாழ 17 லட்சம் பேர் பட்டினியாலும் நோயாலும் கொலையாலும் மாண்டனர். கப்பலை விடுவிப்பதாக வானொலியில் அறிவித்த ஹூ நிம்மையே அவருடைய கட்சி 1977இல் துவோல் ஸ்லெங் சிறையில் சித்திரவதை செய்து கொன்றது. தன் அமைச்சரையே விட்டுவைக்காத ஆட்சியின் கையில் சிக்கிய மூன்று அந்நிய இளைஞர்களின் கதி என்னவாகியிருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

அந்தக் கதியைப் பற்றிய சாட்சியம் மிகப் பின்னரே வந்தது. போரின்போது தீவின் காவற்படைக்குத் தலைவராக இருந்த எம் சோன், 1990களின் பிற்பகுதியிலிருந்து அமெரிக்க ஆய்வாளர்களிடமும் பத்திரிகையாளர்களிடமும் பேசினார். போர் முடிந்த சில நாள்களுக்குப் பின், காலில் காயம்பட்ட அமெரிக்கர் ஒருவர் தம் ஆட்களிடம் பிடிபட்டார் என்றும், அவர் தீவிலேயே கொல்லப்பட்டுப் புதைக்கப்பட்டார் என்றும் அவர் கூறினார். தங்கள் சமையலிடத்திலிருந்து உணவு காணாமற்போவதைக் கவனித்துக் காத்திருந்து மேலும் இருவரைப் பிடித்ததாகவும், அவர்களைப் படகில் பெருநிலத்துக்கு, கொம்போங் சோம் துறைமுகப் பகுதிக்கு அனுப்பியதாகவும், அங்கே அவர்கள் ஒரு புத்த கோயில் வளாகத்தில் சிறை வைக்கப்பட்டு அடித்துக் கொல்லப்பட்டதாகவும் அவர் வழியாகவும் வேறு சிலர் வழியாகவும் தெரியவந்தது. முதலாமவர் ஹார்குரோவ் என்றும், மற்ற இருவர் ஹாலும் மார்ஷலும் என்றும் இந்நிகழ்வை ஆராய்ந்தவர்கள் கருதுகின்றனர்.

எம் சோன் சொன்னவை ஒரு முறைக்கு ஒரு முறை மாறின. தம் மேலுள்ள குற்றச்சாட்டைக் குறைத்துக்கொள்ள அவருக்குக் காரணமும் இருந்தது. எனவே அவருடைய ஒவ்வொரு சொல்லையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அமெரிக்கர்கள் உயிரோடு பிடிபட்டார்கள் என்ற அடிப்படைச் செய்தியைத் தமக்கு எதிராகவே அவர் ஏன் கற்பனை செய்ய வேண்டும்? உணவு திருடப்பட்டதைக் கவனித்தது போன்ற சிறு விவரங்கள் பொய் சொல்கிறவனின் மனத்தில் எளிதாக உதிப்பவை அல்ல. அதை முதன்முறை வாசித்தபோது என் மனத்தில் பதிந்ததும் அந்தச் சிறு விவரமே. இருபது வயதுகூட ஆகாத இரண்டு பையன்கள், வெடிமருந்து தீர்ந்து, மொழி தெரியாத தீவில், நாள்கணக்கில் பகலெல்லாம் புதருக்குள் கிடந்து, இரவில் எதிரியின் அடுப்படிக்கு ஊர்ந்து போய்ச் சோற்றை எடுத்திருக்கிறார்கள். அந்த நாள்களில் அவர்கள் கடலைப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பார்கள் என்ற எண்ணத்திலிருந்து நான் இன்னும் விடுபடவில்லை.

தேடல் நடக்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். கம்போடியாவில் அமைதி திரும்பிய பிறகு, 1990களில் அமெரிக்க, கம்போடியக் குழுக்கள் கோ தாங்கில் பலமுறை தோண்டின. 1995இல் 'பிரன்ஸ்விக்' என்னும் மீட்புக் கப்பலின் துணையோடு 'நைஃப் 31' விழுந்த இடத்தில் நீருக்கடியில் விரிவாகத் தேடினார்கள். இருபது ஆண்டுகள் உப்புநீரிலும் பவள மணலிலும் கிடந்த எலும்புத் துண்டுகள் ஹவாயிலுள்ள ஆய்வகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, தாய்வழி உறவினர்களின் ரத்த மாதிரிகளோடு மரபணு ஒப்பிடப்பட்டது. இப்படித்தான் அந்த ஹெலிகாப்டரோடு மாண்டவர்கள் காலப்போக்கில் அடையாளம் காணப்பட்டுத் தம் ஊர்களிலும் ஆர்லிங்டன் கல்லறையிலும் அடக்கம் செய்யப்பட்டனர். அவர்களுள் துணை விமானி ரிச்சர்ட் வாண்டகியரும் ஒருவர். வாஷிங்டனில் உள்ள வியட்நாம் போர் நினைவுச் சுவரில் பெயர்கள் இறந்த நாளின் வரிசைப்படி பொறிக்கப்பட்டிருக்கின்றன, அந்த வரிசையில் கடைசிப் பெயர் அவருடையது. மயாகெஸ் நிகழ்வில் மாண்ட 41 பேரின் பெயர்களோடுதான் அந்தச் சுவர் முடிகிறது. ஹார்குரோவ், ஹால், மார்ஷல் ஆகிய பெயர்களும் அங்கே இருக்கின்றன.

அந்த ஆய்வகத்தின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. நகத்தளவு எலும்பிலிருந்து ஒரு மனிதனின் பெயரை மீட்டெடுப்பது எளிய வேலையன்று. வெப்ப மண்டலத்து மண்ணில் மரபணு விரைவாகச் சிதைகிறது. தீவில் கம்போடியர்களும் வியட்நாமியர்களும் புதைக்கப்பட்டிருப்பதால் கிடைக்கும் எலும்பு யாருடையது என்று பிரித்தறிவதே முதல் சிக்கல். 'நைஃப் 31' விஷயத்தில் அவர்களுக்கு ஓர் உதவி இருந்தது: விழுந்த உலோகம் எங்கே கிடந்ததோ அங்கேதான் மனிதர்களும் கிடந்தார்கள். இந்த மூவருக்கு அப்படி எந்த உலோகமும் இல்லை. முதியவர் ஒருவர் கைகாட்டும் திசைதான் உண்டு. தீவில் ஓர் இடத்தையும், பெருநிலத்தில் ஐம்பது ஆண்டுகளில் ஊர் விரிந்து முகம் மாறிவிட்ட ஒரு கோயில் வளாகத்தையும் தேட வேண்டியிருக்கிறது.

ஆயினும் இந்தக் குடும்பங்களுக்கு நேர்ந்ததைத் தொழில்நுட்பச் சிக்கலாக மட்டும் என்னால் காண முடியவில்லை. மூவரும் முதலில் காணாமற்போனவர்களாகப் பதியப்பட்டனர். ஓராண்டுக்குச் சற்றுப் பின்னர், 1976 ஜூலையில், போரில் கொல்லப்பட்டவர்கள், உடல் மீட்கப்படாதவர்கள் என்று அந்தப் பதிவு மாற்றப்பட்டது. அப்போது எவரும் தீவுக்குப் போய்ப் பார்த்திருக்கவில்லை. அவர்கள் எப்படித் தீவில் தங்கிப்போனார்கள், மறுநாள் என்ன முடிவு எடுக்கப்பட்டது என்பதையெல்லாம் உறவினர்கள் மிகப் பிற்காலத்தில், சக வீரர்களின் வாய்மொழியாலும் ஆய்வாளர்களின் எழுத்தாலும் அறிய நேர்ந்தது. அன்றைய சக வீரர்கள் பலர் இன்றுவரை இந்த மூவரின் பெயரை விடாமல் சொல்லிவருகிறார்கள். சிலர் கோ தாங்குக்கே திரும்பிச் சென்று, தங்களைச் சுட்ட பழைய கெமர் ரூஜ் வீரர்களோடு அதே மணலில் நின்றிருக்கிறார்கள். 1996இல் நோம் பென்னில் உள்ள அமெரிக்கத் தூதரகத்தில், கோ தாங்கில் மாண்டவர்களுக்கான நினைவுப் பலகையை, வியட்நாமில் தாமே சிறைப்பட்டிருந்தவரான செனட்டர் ஜான் மெக்கெய்ன் திறந்துவைத்தார்.

1975 மேயில் அமெரிக்கா மயாகெஸ் மீட்பை வெற்றியாகக் கொண்டாடியது. ஃபோர்டின் செல்வாக்கு உயர்ந்தது. 1976 அக்டோபரில் அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் வெளியிட்ட அறிக்கை, கோ தாங் தாக்குதல் மாலுமிகளின் விடுதலைக்குக் காரணமாக இருக்கவில்லை என்ற வகையில் அந்த வெற்றியைக் கேள்விக்குள்ளாக்கியது. மாலுமிகள் அனைவரும் உயிரோடு வீடு சேர்ந்தார்கள்; அதற்காக நானும் மகிழ்கிறேன். ஆனால் மீட்கப்பட்டவர்களைவிட, மீட்கச் சென்று மாண்டவர்களின் எண்ணிக்கை கூடுதல் என்ற கணக்கை அன்றைய கொண்டாட்டம் மறைத்துவிட்டது. மூவர் விடப்பட்டார்கள் என்பதை வெளிப்படையாகச் சொன்னால் அந்த வெற்றியின் பொலிவு குன்றியிருக்கும். அவர்களைப் போரில் மாண்டவர்களோடு சேர்த்துவிடுவதில் அரசுக்கு வசதி இருந்தது என்றே நான் நினைக்கிறேன்.

இப்போது அவசரம் காலத்தால் வருவது. அன்று தீவில் துப்பாக்கி பிடித்திருந்த கம்போடிய இளைஞர்கள், இன்று உயிரோடு இருப்பவர்கள், எழுபதைத் தாண்டிய முதியவர்கள். கொம்போங் சோமில் அந்த இருவரைக் கண்டவர்களும் அப்படியே. குற்றம் சாட்டப்படுவோம் என்ற அச்சமின்றி அவர்கள் பேசுவதற்கான வழியை இரு நாட்டு அரசுகளும் சேர்ந்து அமைத்துக்கொடுக்க வேண்டும். தீவிலிருந்து முன்பே எடுக்கப்பட்டு அடையாளம் காணப்படாத எலும்புகள் ஆய்வகத்தில் எஞ்சியிருந்தால், பழைய முறைகளில் முடிவு கிட்டாதவற்றைப் புதிய மரபணு முறைகளால் மீண்டும் சோதித்து, முடிவு எதுவானாலும் குடும்பங்களிடம் முழுமையாகச் சொல்ல வேண்டும். மூவர் பதிவிலும், அவர்கள் தீவில் உயிரோடு விடப்பட்டு அதன்பின் சிறைப்பட்டவர்கள் என்பதற்கான சாட்சியங்கள் உள்ளன என்று அரசின் பெயரிலேயே எழுதப்பட வேண்டும். அதற்கு எலும்பு கிடைக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை.